பெரியவர்கள் அடித்த காற்று

என் செல்வா, தம்பி,

செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று மாமா கேட்கிறார். உயிரோடு இருக்கிறவர்களிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதனால் உன்னிடம் சொல்கிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. உங்கள் சைக்கிள் சங்கம் உன் பெயரில் ஒரு வெள்ளிக் கோப்பை வைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதற்கான முதல் பந்தயம் நடந்தது. அதே ஆஸ்டின் டவுன் மைதானத்தில் கிளம்பி, அத்திபெலே போய்த் திரும்புகிற பந்தயம்தான். கோப்பை நன்றாகவே இருக்கிறது. ஒருவனைக் கொன்றுவிட்டு அவன் பெயரிலேயே கோப்பை வைப்பதற்கும் ஒரு மனசு வேண்டும், இல்லையா?

கொன்றார்கள் என்று நான் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. வரட்டும்.

இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய ஒரு ஆங்கிலோ இந்தியரிடம் நீ வாங்கிய அந்த ஒல்லி டயர் சைக்கிள் நினைவிருக்கிறதா? உனக்கு நினைவில்லாமல் என்ன! கூடத்தின் நடுவில் அதை நிறுத்திவைத்திருப்பாய். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் களைத்து வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக என் கட்டைவிரலைப் பிடித்து டயர்மேல் வைப்பாய். “அமுக்கு அக்கா. எவ்ளோ உள்ள போகுது பாரு. இதுதான் எனக்கு அளவு.”

டயர் கல்லு மாதிரி இருந்தால்தான் வண்டி பறக்கும் என்று சங்கத்தில் அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். நீ ஒருவன்தான் இல்லை என்றாய். “ஆளோட கனத்தைப் பார்க்கணும்கா, ரோட்டைப் பார்க்கணும். நான் எலும்பும் தோலுமா இருக்கேன். எனக்குப் போய் கல்லு மாதிரி அடிச்சா, ஜல்லியில சக்கரம் குதிக்கும், ரோட்டைப் பிடிக்காது. மழை பேஞ்சா இன்னும் கொஞ்சம் இறக்கணும். முன் சக்கரத்துக்கு எப்பவும் பின்னதைவிடக் கம்மி.” இவ்வளவும் சொல்லிவிட்டு என்னுடைய லேடீஸ் சைக்கிளைப் பார்த்துச் சிரிப்பாய். “உனக்கு மட்டும் கல்லு மாதிரியே இருக்கட்டும், குண்டக்கா.” நான் செருப்பைத் தேடுவேன்.

அந்தப் பந்தயத்தன்றைக்கும் உன் அளவுக்குத்தான் காற்று வைத்திருந்தாய். விடிகாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்ததால் கொஞ்சம் இறக்கிக்கூட வைத்திருந்தாய். ஆனால் சங்கத்துக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறதே. பம்புக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கதம்பம் சுற்றி, பந்தயம் கிளம்பும் முன்னால் பெரியவர்கள் வந்து ஒவ்வொருவன் சக்கரத்துக்கும் ஆசீர்வாதமாகக் காற்று அடிப்பார்கள். பெயருக்கு ஒரு அடி அடித்துவிட்டு நகர வேண்டியது. எங்கே நகர்ந்தார்கள்? தலைவர் அடித்தால் செயலாளர் சும்மா இருப்பாரா? அவருக்குப் பிறகு நம் மாமா. அக்கா மகன் என்ற உரிமையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன் சக்கரத்தில் ஆரம்பித்தார்.

“போதும் மாமா” என்றாய்.

“சும்மா இருடா. பெரியவங்க கை பட்டா நல்லது.”

அவர் நகர்ந்ததும் நான் விரலை வைத்துப் பார்த்தேன். கல். “இறக்கிடுடா” என்றேன். நீ பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தாய். “இவங்க கண்ணு முன்னாடியா? ஆசீர்வாதத்தைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆயிடும்கா. மடிவாளா தாண்டி யாரும் பார்க்காத எடத்துல இறக்கிக்கறேன்.”

மடிவாளா தாண்டும்போது நீதான் முதலாவதாகப் போனாயாம். முதலில் போகிறவனுக்குப் பின்னாலேயே தலைவருடைய கார் போகுமே. மாமாவும் அதில்தான் உட்கார்ந்திருந்தார். உன்னைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கையைத் தட்டிக்கொண்டே வந்தார்களாம். நீ எங்கே நிறுத்துவாய், எப்படி வால்வைத் திருகுவாய்? அதற்கப்புறம் வருகிற ரோட்டுச் சரிவில், ஈர ஜல்லியில் உன் முன் சக்கரம் குதித்ததையும், நீ புளியமரத்தில் போய் மோதியதையும் அந்தக் காரில் இருந்தபடியே பார்த்தார்கள்.

ஏண்டா, அவ்வளவு மரியாதை தெரிந்தவனாக உன்னை யார் வளர்த்தது?

துக்கம் கேட்க வந்த தலைவர், “ஹோக்லி பிடம்மா, விதி” என்றார். போகட்டும் விடு என்று கன்னடத்தில் சொன்னால் வலி குறையும் போலிருக்கிறது. மாமா தன் பங்குக்கு, “பையன் ரொம்ப வேகமாப் போயிட்டான்” என்றார். காற்றைப் பற்றி நான் வாயைத் திறந்தபோதெல்லாம், பாவம், தம்பி போன துக்கத்தில் பேசுகிறாள் என்று காப்பியைக் கையில் கொடுத்தார்கள். இன்றுவரை எனக்கு அந்த ஆத்திரம் ஆறவில்லை.

அந்த மாமாதான் இந்தக் கோப்பைக்கும் அழைக்க வந்தார். “உன் கையால காத்து அடிச்சா அவன் ஆத்மா சாந்தியாகும்மா” என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். அவருக்கே ஆச்சரியம்.

மைதானத்தில் அதே பம்பு, அதே கதம்பம். முதலில் நின்றவன் உன்னைப்போலவே ஒல்லி. ஒக்கலிபுரத்துப் பையனாம், ரயில்வேயில் வேலையாம். பம்பை எடுக்காமல் அவன் முன் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். விரலை வைத்தேன். தலைவரும் செயலாளரும் எனக்கு முன்பே தங்கள் ஆசீர்வாதத்தை முடித்திருந்தார்கள். வால்வைத் தளர்த்தினேன். உஸ்ஸென்ற சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அய்யய்யோ, என்னம்மா பண்றே? சகுனம் பார்க்கறதில்லையா?” தலைவர் பதறினார். மாமா என் தோளைப் பிடித்தார். நான் அந்தப் பையன் முகத்தை மட்டும் பார்த்தேன். அவன் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னான்: “இன்னும் கொஞ்சம் விடுங்கக்கா.” விட்டேன். “போதும்கா” என்றான். நிறுத்தினேன். ஒருவன் போதும் என்றால் நிறுத்துவது எவ்வளவு சுலபம் தெரியுமா, செல்வா? உனக்கு அதைச் செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அவனைப் பார்த்து எல்லோரும் என்னிடம் வந்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். வரவில்லை. இன்னும் ஒருவன் வந்தான், அவ்வளவுதான். மற்றவர்கள் தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கல் மாதிரியான டயர்களோடு கிளம்பிப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. “பார்த்தியா?” என்றார் மாமா, ஜெயித்தவர் மாதிரி. அன்று ரோடு காய்ந்திருந்தது என்று அவரிடம் சொல்லி என்ன பயன்?

அடுத்த வருஷம் என்னை அழைக்கமாட்டார்கள். அழைக்க வேண்டாம். மடிவாளா தாண்டி, யாரும் பார்க்காத இடம் என்று நீ சொன்னாயே, அங்கே நான் போய் நிற்பேன். காற்றை இறக்க நினைக்கிறவன் என்னிடம் நிறுத்தி இறக்கிக்கொள்ளட்டும். பின்னாலேயே தலைவரின் கார் வந்தால், நடுரோட்டில் குறுக்கே நின்றுகொள்கிறேன். நான் இருக்கிற பருமனுக்கு அவர்கள் என்னைத் தாண்டிப் பார்க்க முடியாது. இது உன்மேல் சத்தியம்.

உன்,
குண்டக்கா