சகாயராஜ் பேரில் வைத்தியம்

ஜூன் 6, வியாழன்
கோயம்புத்தூரில் சரக்கு வாங்கும் பையரைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு முதல் சிட்டிங் முடித்து வந்தேன். ஜெல் தடவி, சின்னக் கருவியை அங்கே வைத்து டக் டக்கென்று அடித்தார்கள். ஷாக்வேவ் என்கிற அதிர்வலை வைத்தியம். பட்டன் மெஷினில் சிக்கிய டீஷர்ட் மாதிரிக் கிடந்தேன். "ரத்த ஓட்டம் கூடலாம். ஆனா சுகரைக் குறைக்காம இதை மட்டும் நம்பாதீங்க" என்றார் டாக்டர்.

ரிசப்ஷனில் பேர் கேட்டாள். சகாயராஜ் என்றேன். நம்பரும் அவனுடையதே. நூல்காரன், டையிங்காரன் எல்லோருக்கும் என் பனியன் கம்பெனி மேனேஜரான அவன் நம்பரைத்தானே கொடுக்கிறேன்? வாயில் தானாக வந்தது. நல்லதாய்ப் போயிற்று.

ஜூன் 9, ஞாயிறு
கர்ப்பம் தங்க அம்மா காய்ச்சிக் கொடுக்கும் கசாயத்தை என் மனைவி நித்யஸ்ரீ இன்றும் வாந்தியெடுத்தாள். "நாலு வருசமாச்சு. கோளாறு உங்கிட்டத்தான் கண்ணு. மூக்கைப் புடிச்சுட்டுக் குடி" என்றார் அம்மா. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். குடிக்கட்டுமே, செத்தா போய்விடுவாள்?

ஜூன் 12, புதன்
சகாயராஜ் செக்கிங் மேஜையில் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அடித்ததும் எடுத்து ஸ்பீக்கரில் போட்டது அங்கே பீஸ் செக்கிங் பார்க்கும் ரோஸ்மேரியின் அம்மா. அவனுக்கு நிச்சயித்திருக்கும் பெண்ணின் அம்மா! "சகாயராஜ் சார் நம்பருங்களா? ஆண்மைக் குறைவுக்கு ஷாக்வேவ், நாளைக்கு ரெண்டாவது சிட்டிங்ங்க."

மொத்தக் கம்பெனியும் கேட்டது.

ஜூன் 14, வெள்ளி
நேற்று இரண்டாவது சிட்டிங் போய் வந்ததிலிருந்து மூக்குக்கண்ணாடியைக் காணோம். எரிச்சல்.

சகாயராஜ் அறைக்குள் வந்து அழுதான். "முதலாளி, என் நம்பர எல்லா எடத்துலயும் குடுக்கது நீங்கதான? ரோஸ்மேரி அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. கல்யாணம் நின்னுரும்."

ஓஹோ, புரிந்துவிட்டதா உனக்கு? "இதுல வெக்கப்பட என்னடா இருக்கு, போயி வைத்தியத்தைப் பாரு" என்று வெளியே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவம்தான் — ஆனால் அவன் மானமா, என் மானமா?

ஜூன் 17, திங்கள்
நிச்சயம் முறிந்தது. மோதிரம் திரும்பி வந்துவிட்டதாம். அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். தொல்லை ஒழிந்தது. "மெஷின் வெச்சாச்சா?" என்று அவன் வெளியே போகும்போது வாசல் வாட்ச்மேன்கூடக் கேட்டானாம்.

ஜூன் 19, புதன்
சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நித்யஸ்ரீ ஃபோன் அடித்தது. எடுத்தாள், கேட்டாள், ஸ்பீக்கரில் போட்டு "பேசுங்க அத்தை" என்று அம்மாவிடம் நீட்டினாள்.

"சகாயராஜ் சாருக்கு நாளைக்கு மூணாவது ஷாக்வேவுங்க. இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொன்னாருங்க."

அட துரோகி சகாயராஜ், என் மனைவி நம்பரைக் கொடுத்துவிட்டானே!

அம்மா சிரித்தார். "அந்தப் பையன் வேலையை உட்டே போயிட்டானுங்க அம்மிணி."

"போன வாரம் கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டாருங்க. பிரவுன் ஃபிரேம். காதுல மாட்டற கம்பியில பச்சை நூல் சுத்தியிருக்குங்க."

அந்த நூலைச் சுற்றிக் கொடுத்தது அம்மா. சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20, வியாழன்
கசாயம் இன்று என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊற்றி வைத்தது நித்யஸ்ரீ.

"மூக்கைப் புடிச்சுட்டுக் குடி சாமி" என்றார் அம்மா.

குடித்தேன். டம்ளர் காலியாகும்வரை இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.