பதினான்குக்குப் பதினான்கு

பெல்ரீவ், லூசியானா
3 செப்டம்பர் 1984

வென்டலுக்கு,

அந்தக் கால்பந்து ஆட்டத்தின் இருபதாம் ஆண்டு விருந்துக்கு அழைத்த உன் கடிதம் கிடைத்தது. என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறாய். கன்னியர் மடத்துப் பள்ளியில் இப்படிப் பிழை விட்டால் எங்களுக்கு அன்று மதியச் சாப்பாடு கிடையாது. என் மேஜையில் கம்போ குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவனை 'நீங்கள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கூடவே வைத்திருந்த விழா மலரையும் படித்தேன். 'சைப்ரஸ் கிண்ண ஆட்டம் சமமாக முடிந்ததற்குக் காரணம், பயிற்சியாளர் ஃபான்டெனோவுக்குத் துணிச்சல் போதாததே.' கீழே உன் கையொப்பம்.

கடைசி நிமிடம். எதிரணி பதினான்கு, நம் கல்லூரி பதிமூன்று. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி, சமம். கையில் எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினால் இரண்டு, வெற்றி. உதைத்தீர்கள். பழி என் கணவர்மேல் விழுந்தது, மறு வருடம் வேலையும் போயிற்று. காலையில் அவர் காபிக் கடைக்குப் போனால் பரிமாறுகிற பெர்த்தா கேட்பாள்: "முட்டை ஒண்ணா, ரெண்டா கோச்சு? அட, உங்களப் போய் கேக்குறேன் பாரு! உங்களுக்குத்தான் ஒண்ணு போதுமே!" கடையே சிரிக்கும். அல்சீடும் சிரித்துவிட்டு, ஒன்றைத் தின்று, பசியோடு வீடு வருவார்.

ஆட்டம் முடிந்த அன்று அவர் என்னிடம் சொன்னது இது: "உதைக்கிற மாதிரி பாவலா காட்டிட்டு நீ பந்தோட ஓடுடான்னு வென்டல் காதுல சொல்லித்தான் அனுப்பினேன். பய பயந்துட்டான். கோச்சு உதைக்கச் சொன்னாருன்னு மத்தவங்ககிட்ட சொல்லிட்டான். சின்னப் பையன், ஓடெட். தெரிஞ்சா ஊரே அவனத் தின்னுரும். நான் தாங்கிக்குவேன். நீ வாயத் தொறக்காத."

திறக்கவில்லை. அவரைப் புதைத்து மூன்று வருடமாகிறது. நீயோ விருந்துக்கு விருந்து அவரை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறாய்.

வருகிறேன். பேசவும் போகிறேன்.

ஓடெட் ஃபான்டெனோ (திருமதி)

*

10 செப்டம்பர்

மதிப்பிற்குரிய அம்மா,

பெயர்ப் பிழைக்கு மன்னியுங்கள். அன்று எனக்குப் பத்தொன்பது வயது. எதிரே நின்றவர்கள் சுவர் மாதிரி நின்றார்கள், என் கால் நகரவில்லை. பிறகு ஊர் அவரைக் குறை சொன்னது, நானும் சேர்ந்துகொண்டேன். அதிலிருந்து இறங்க வழி தெரியவில்லை.

நவம்பரில் நீதிபதித் தேர்தலில் நிற்கிறேன். இந்த நேரத்தில் வேண்டாமே. வீரர்கள் உடைமாற்றும் கூடத்துக்கு அவர் பெயரையே வைக்க ஏற்பாடு செய்கிறேன். வாசலில் பெரிய பித்தளைப் பலகை. இது நமக்குள் இருக்கட்டும்.

பணிவுடன்,
வென்டல் கிட்ரி

*

14 செப்டம்பர்

வென்டலுக்கு,

பித்தளையை நீயே வைத்துக்கொள். விருந்தில் உன் வாயால் சொல். இல்லையென்றால் நான் சொல்வேன். பயமாக இருந்தால் எழுதி வைத்துப் படி. பிழையில்லாமல் எழுது.

ஓ. ஃபான்டெனோ

*

15 அக்டோபர்

அன்புள்ள அம்மா,

சொல்லிவிட்டேன். முன்வரிசையிலிருந்து நீங்களே கேட்டீர்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதே! கிழவர் டுப்ரே அழுதேவிட்டார். "இப்படி ஒரு ஆம்பளையத்தான்டா ஜட்ஜாக்கணும்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது தெரியுமா?

பத்திரிகைக்காரர்கள் ஒரு படம் கேட்கிறார்கள். கோச்சின் கல்லறையருகே நீங்களும் நானும் கைகுலுக்குவது போல. சனிக்கிழமை கார் அனுப்பட்டுமா? மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் வென்டல்

*

18 அக்டோபர்

வென்டலுக்கு,

கார் அனுப்பாதே. கல்லறைக்கு நீயும் வராதே.

அவரைக் கோழை என்றவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். உன்னிடம் வந்து கைகொடுத்தார்கள். அவர் பெயரை ஒருவர் சொல்லவில்லை. என்னிடம் வந்து ஒருவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. டுப்ரே என் காலை மிதித்துக்கொண்டு உன்னிடம் ஓடினார்.

அல்சீட் உன்னை அன்றே மன்னித்துவிட்டார். அது அவர் குணம். எனக்கு அது கிடையாது.

எல்லோரும் எழுந்தபோது நான் மட்டும் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தாய். உன் சிரிப்பு பாதியில் நின்றதை நானும் பார்த்தேன்.

தேர்தலில் நீ ஜெயிப்பாய். என் ஓட்டும் உனக்கே. அப்புறம் தினமும் காலையில் கருப்பு அங்கியோடு நீ நுழைவாய், "எல்லாரும் எந்திரிங்க" என்று காவலர் கத்துவார். நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று விசாரித்துவிட்டேன். என்னால் எழுந்து நிற்க முடியாது என்று டாக்டரிடம் சீட்டும் வாங்கிவிட்டேன்.

முதல் வரிசையில் இருப்பேன்.

ஓடெட் ஃபான்டெனோ (திருமதி அல்சீட் ஃபான்டெனோ)