தாகமே எடுக்காதவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் செல்லக் கழுதை எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. இருமலுக்கு மருந்து வாங்கினீர்களா? வாங்கிவிட்டேன் என்று பொய் சொல்லாதீர்கள். நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று பெரிது பெரிதாக எழுதுகிறேன். இதை வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

நூலகத்துப் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பதினோரு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன் அல்லவா? பாடப்புத்தக வகுப்பு இல்லை அப்பா. இந்தத் தெருக்காரர்கள் திருடர்கள், அந்த வேலை செய்கிறவர்கள் அழுக்கானவர்கள் என்று பெரியவர்கள் சொன்னால், ஏன் அப்படி என்று கேட்கப் பழக்குவது. நாலு பேர் முன்னால் நின்றாலே வேர்த்துப்போகிற எனக்கு இந்த வேலை எப்படி வந்ததோ! மூன்று மணிக்கு வெயில் தண்ணீர் ஜாடிமேல் விழும். சுவரெல்லாம் ஒளி நெளியும். குளத்துக்கு அடியில் உட்கார்ந்து பேசுவதுபோல எல்லோர் குரலும் மெதுவாகிவிடும்.

யாரும் ஏன் என்று கேட்காத ஒன்றைக் கண்டுபிடித்து எழுதி வரச் சொன்னேன். குட்டி வக்கீல் என்று நாங்கள் கூப்பிடும் பதின்மூன்று வயதுப் பெண் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: எல்லா டம்ளரும் அலமாரியில் இருக்கு, நீல டம்ளர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருக்கு.

சாக்கடை அடைப்பு எடுக்க வரும் அண்ணனுக்கு ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஊற்றும் டம்ளர் அது. ஆறு மாதமாக எனக்குத் தெரியும். எல்லாத்தையும் கவனிக்கச் சொல்றீங்க, இதை நீங்க பார்க்கலையா மிஸ் என்று கேட்டாள். தெரிந்தும், பார்க்கவில்லை என்றேன்.

பிள்ளைகள் நீல டம்ளரைத் தேய்த்துக் கழுவி, மற்றவற்றோடு அலமாரியில் கவிழ்த்துவிட்டார்கள். ஊர் வம்பு நமக்கெதுக்கு என்று நூலகர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அடுத்த சனிக்கிழமை அந்த அண்ணன் வந்தார். வழக்கம்போல ஜன்னல் திட்டில் கை வைத்தார். டம்ளர் இல்லை. கை கொஞ்ச நேரம் வெறும் திட்டைத் தடவியது. உள்ள வாங்கண்ணே, எதுல வேணும்னாலும் குடிங்க என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர் அலமாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, எனக்குத் தாகமில்ல கண்ணுங்களா என்று சொல்லித் திரும்பினார். இருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பா, அது உங்கள் குரல். யார் வீட்டு வாசலில் நின்றாலும் இதையேதான் சொல்வீர்கள். எங்கப்பா ஒட்டகம் மாதிரி, தாகமே எடுக்காது என்று பள்ளியில் பெருமையடித்திருக்கிறேன்.

எப்படி வாய் திறந்தேனோ தெரியவில்லை. எங்கப்பாவும் இப்படித்தான் சொல்வார், அவரும் சாக்கடைக்குள்ள இறங்குறவர்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஆபீஸ்ல வேலைன்னு சொன்னீங்களே மிஸ் என்றாள் குட்டி வக்கீல். பொய் சொன்னேன் என்றேன். வெட்கமா இருந்துச்சா என்றாள். ஆமாம் என்றேன். கைக்குக் கிடைத்த டம்ளரையும் தண்ணீர் ஜாடியையும் எடுத்துக்கொண்டு அண்ணன் பின்னால் ஓடினேன். அவர் மூன்று டம்ளர் குடித்தார், அப்பா. அவ்வளவு தாகத்தை வைத்துக்கொண்டா தாகமில்லை என்றார்!

நேற்று எட்டுப் பேர்தான் வந்தார்கள். மூன்று வீடுகளில் இனி அனுப்ப மாட்டார்களாம். திங்கள்கிழமை நூலகக் கமிட்டி என்னை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறது. அறை போய்விடலாம். பயமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு வாய் வரலைன்னா நான் பேசுறேன் மிஸ் என்கிறாள் குட்டி வக்கீல்.

அடிக்கடி ஒரு கனவு வருகிறது. வெயிலில் நீங்கள் நடந்து போய்க்கொண்டே இருக்கிறீர்கள். நீங்கள் கடந்துபோன ஒவ்வொரு வாசலிலும் ஒரு டம்ளர் நிறைந்து மின்னுகிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள். கூப்பிட எனக்குக் குரல் வருவதில்லை.

லீவு கிடைத்ததும் ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். அறை இல்லாவிட்டால் மரத்தடியிலாவது உட்கார்ந்திருப்போம். பிள்ளைகள் தண்ணீர் வேணுமா என்று கேட்பார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன். அந்த ஒரு தடவை மட்டும், தாகமாக இருக்கிறது என்று சொல்லுங்கள் அப்பா.

இனி யார் கேட்டாலும் உங்கள் மகள் என்று சொல்லப்போகும்,
செல்லக் கழுதை