வெளிவராத கதைக்கு அப்பாவின் கருத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

உங்கள் கடிதம் வந்தது. எனக்கு அல்ல, எங்கள் காமிக்ஸ் ஆபீசுக்கு. ஆணைக் காதலிக்கும் ஆண் சூப்பர் ஹீரோ வரப்போகிறான் என்று விளம்பரம் போட்டிருந்தோம். கதை இன்னும் அச்சுக்கே போகவில்லை, அதற்குள் மூட்டை மூட்டையாக வாசகர் கருத்து. திட்டுகிற ஒருவரும் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. நீங்களும்தான்.

ஆசிரியர் உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். "இந்தக் கண்றாவிக்கு என் மகன் வசனம் எழுதக் கூடாது. அவன் பெயரை எடுத்துவிடுங்கள்."

கலர் போடுகிறவர் சிரித்தார். "ஏம்பா, நாளைக்கு வர்றதுக்கு அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வருவியா?"

எனக்கு முப்பத்து நாலு வயதாகிறது, அப்பா! வாரம் தவறாமல் போனில் "சாப்டியா?" என்று கேட்கிறீர்களே, இதையும் என்னிடமே கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

உங்கள் கருத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசகர் பக்கத்தில் போடச் சொல்லிவிட்டேன். என் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும், பெரிதாக.

அம்மாவிடம் சொல்லி என் பழைய கம்பளியை அனுப்புங்கள். இந்த அறையில் ஒருத்தனாகப் படுத்தால் குளிர்கிறது.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். அந்த ஹீரோவுக்குப் பறக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. மற்றபடி நானும் அவனும் ஒன்றுதான்.

உங்கள் மகன்