சம்பந்தி எழும்பிப் போன நாடகம்

மச்சான்,

இன்று காலை பாரிஸில், ரூ பெர்தொனேயில் ஒரு தமிழ்க் கடையில் அரிசிமாப் பை கிழிந்து என் கறுப்புக் கோட்டின் மேல் கொட்டிவிட்டது. கடைக்காரத் தம்பி பதறிப்போய்த் துணியோடு ஓடிவந்தான். நான் அவனை நிற்கச் சொல்லிவிட்டு, வறுத்த மாவின் மணத்தை மூக்கு நிறைய இழுத்தேன். அந்த மணத்துக்குள் உன் முகம் இருந்தது. உன்னை வெள்ளைக்காரத் துரையாக்க, அதே மாவைப் பன்னீரில் குழைத்து உன் கன்னத்தில் அப்பியவன் நான்தானே.

நீ போய் இரண்டு வருஷம். உன்னை நினைத்தால் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகத்துக்கு வருவதில்லை. திரான்சி மண்டபத்து அந்த மத்தியானம்தான் முந்திக்கொண்டு வருகிறது. உன் மகளுக்கு மோதிரம் மாற்றிய நாள். மாப்பிள்ளை லண்டன். கலியாணம் அதற்கடுத்த மாதம். மண்டபத்தில் ஐந்நூறு பேர். நீ இருந்திருந்தால் “நூற்றிருபது” என்று திருத்தியிருப்பாய். இப்போது திருத்த ஆளில்லை, ஐந்நூறாகவே இருக்கட்டும்.

நாடகம் என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்றாலும், ஊரில் என் நாடகத்தைப் பார்த்துச் சிரித்த நீதிபதி ஒருவருக்குப் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அதை நீ கடைசிவரை நம்பவில்லை. துரையாக நடிக்க இருந்தவன் லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக்கடையில் சமையல்காரன். முதலாளி லீவு கொடுக்கவில்லை. அதனால் உன்னைப் பிடித்தேன்.

“பொம்பிளையின்ரை தேப்பன் மேடையிலை கூத்தாடலாமோடா?” என்றாய்.

“நீ ஆடினால்தான் சம்பந்தி உன்னை ஒரு கலைஞன் எண்டு மதிப்பார்” என்றேன்.

கதை சின்னது. துரையின் வீடு பற்றி எரிகிறது. தீயணைக்க வந்தவர்களைத் துரை சப்பாத்தைக் கழற்றச் சொல்கிறார். ஆளுக்கொரு கோப்பை தேநீர் ஊற்றுகிறார். யாரோ அவர் காலை மிதிக்க, அவரே “சொறி” என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கிறார். கடைசியில் எரியும் வீட்டிலிருந்து வெளியேறத் தன் வாசலிலேயே வரிசையில் நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒருவருமில்லை.

எனக்குப் பயம் ஒரே ஒருவரை நினைத்துத்தான். உன் பக்கத்து வீட்டு இங்கிலாந்துக்காரர், பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பிப்பவர், வியாழன் தவறாமல் தோசைக்கு வருபவர், முன் வரிசையில் இருந்தார். நாடகம் தொடங்குமுன் மூன்று தடவை அவரிடம் போய், என் பிரெஞ்சில், “முசியே, கோவிக்கக் கூடாது, சும்மா பகிடி” என்றேன். மூன்று தடவையும் அவர் என் தோளில் தட்டினார்.

நீ பிரமாதமாக நடித்தாய், மச்சான். அந்தத் “சொறி”க்கு மண்டபம் அதிர்ந்தது. இங்கிலாந்துக்காரர் கண்ணீர் வரச் சிரித்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் கதிரை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

எழும்பி நின்றவர் உன் சம்பந்தி. எங்கள் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்த மனிதர்! என்னைப்போல வேட்டி கட்டித் திரிந்தவர்!

“எங்கடை நாட்டை நக்கலடிக்கவோ இவ்வளவு தூரம் கூப்பிட்டனியள்? எழும்பும், போவம்” என்று மனைவியின் கையைப் பிடித்தார்.

‘எங்கடை நாடு’ என்று அவர் எந்த நாட்டைச் சொல்கிறார் என்றே எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது வாய் பிளந்தது. இங்கிலாந்துக்காரர் பதறி எழுந்து, இல்லை இல்லை, நாங்கள் அப்படித்தான், எங்களுக்கு இது பெரிய விஷயமில்லை என்று ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னார். சம்பந்தி கோபத்தில் அவருக்கும் தமிழிலேயே கொடுத்தார்.

“உமக்குப் பகிடிதான் ஐசே! நீர் அங்கை பிறந்தனீர். வரிசையிலை நிண்டாலும் நீர் வெள்ளை, நிக்காட்டிலும் வெள்ளை. நான் அந்தச் ‘சொறி’யைக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பழகினனான். சோதினை எழுதி, ராணியின்ரை படத்துக்கு முன்னாலை சத்தியம் பண்ணி எடுத்த நாடு எனக்கு!”

உன் மகள் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மாப்பிள்ளைப் பொடியன் தகப்பனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். நான் என்ன செய்தேன்? திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கினேன். மன்னித்துக்கொள். தொண்டை கட்டிவிட்டது என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன்.

நீ மேடையால் இறங்கிப் போனாய். வியர்வையில் மா வடிந்து, முகம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. மன்னிப்புக் கேட்பாய் என்றுதான் நினைத்தேன்.

“சம்பந்தி, நான் ஒரு நாள்கூட அங்கை இருந்ததில்லை. தெரியாமல் பிழையாச் செய்துபோட்டன். எப்பிடியெண்டு ஒருக்காக் காட்டுங்கோவன்.”

“விடுங்கோ.”

“இல்லை, காட்டுங்கோ. படிக்கிறன்.”

அவர் மனைவியின் கையை விட்டார். பிறகு கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். முன்னால் ஆள் நிற்பதுபோல ஓரடி தள்ளி நின்றார். கைகளைக் கட்டினார், சப்பாத்தைப் பார்த்தார். மெல்லத் தலையை நிமிர்த்தி ஒரு சிரிப்புச் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது. தலையைச் சரித்து ஆங்கிலத்தில் கேட்டார்: உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே, உண்மையில் நீங்கள் எந்த ஊர்?

ஆங்கிலம் தெரியாத நம் சனம்கூட விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பை ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் யன்னலில் கண்டிராதவர் அந்த மண்டபத்தில் யார்? சம்பந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ கைதட்டினாய். உன் மகள் திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

இங்கிலாந்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல்வரை சிவந்து, கதிரைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். விருந்து முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துப் பிரெஞ்சில் சொன்னார்: “முசியே, உங்கள் நாடகத்தில் நான் இல்லை. அதனால்தான் அப்படிச் சிரித்தேன். அவருடைய நடிப்பில் நான் இருந்தேன். அந்தக் கேள்வியை உங்கள் சிநேகிதரிடம் சந்தித்த முதல் நாளே கேட்டிருக்கிறேன்.”

அடுத்த நாள் உன்னிடம் கேட்டேன், ஏன் ஒரு மன்னிப்போடு முடிக்கவில்லை என்று. “மன்னிப்புக் கேட்டால் வாயாலை ‘சரி’ எண்டுபோட்டு வயித்துக்கை வைச்சிருப்பார். அந்த வீட்டிலை தேத்தண்ணி ஊத்தப் போறது என்ரை பிள்ளையெல்லோ” என்றாய்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான்: காட்டுங்கோ. எல்லாம் தெரிந்த என் வாயில் அது இலேசில் வராது. போன ஞாயிறுதான் வந்தது.

மத்தியானச் சாப்பாடு. நான் வழக்கம்போலப் பிரெஞ்சுக்காரரைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தேன்: அவர்களுடைய வேலைநிறுத்தம், கன்னத்து முத்தம், மூன்று மணிவரை நீளும் சாப்பாடு. இங்கேயே பிறந்து, தாடியும் நரைக்கத் தொடங்கிவிட்ட என் மகன் கரண்டியை வைத்தான். போதும் அப்பா, நீங்கள் சொல்வது என்னைத்தான் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு எழும்பி யாக்கெட்டைப் போட்டான். எனக்குத் தலையில் இடி. இவ்வளவு காலமும் என் மேசையில் ஒரு பிரெஞ்சுக்காரன் இருந்து புட்டுச் சாப்பிட்டிருக்கிறான்!

“அப்ப சரியா எப்பிடியெண்டு காட்டு, தம்பி” என்றேன்.

அவன் பிரெஞ்சுக்காரனை நடிக்கவில்லை. தோளைக் குறுக்கினான். இல்லாத ஒரு ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தான். எதிரில் இருப்பவர் வாய் திறக்கு முன்னமே சிரித்துச் சிரித்துத் தலையாட்டினான். “உய் மதாம், உய் மதாம்” என்று எல்லாவற்றுக்கும் ஓம் போட்டான்.

விசாக் கந்தோரில் நான் மேசையில் ஓங்கி அடித்து அகதிக் கார்ட்டைப் புதுப்பித்து வாங்கிய கதையை, தமிழ்க் கடைத்தெருவான லாசப்பல் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்கே நூறு தரம் சொன்னேன். அன்று எனக்கு மொழிபெயர்க்க வந்து, என் பக்கத்தில் நின்று அந்த ‘உய் மதாம்’ எல்லாவற்றையும் பார்த்தவன் இவன். ஒன்பது வயது.

“சரியாத்தான் செய்யிறாய்” என்றேன்.

அவன் யாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் கதிரையில் இருந்தான். தாய் அவனுக்கு இன்னொரு அகப்பை புட்டு வைத்தாள்.