ஓடையில் விட்டுவிட்டு வந்த கார்

இன்று காலை அடுப்படியில் நின்றிருந்தபோது முற்றத்திலிருந்து பெட்ரோல் வாடையும் கருகிய எண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தன. சட்டென்று, “சாப்பிட்டுட்டு அதத் தொடுங்க” என்று வாய்வரை வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். கார் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு குனிந்து நின்றவன், உங்களைப் போலவே டாக்டராகிவிட்ட நம் மகன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது என்பதை இப்படித்தான் அவ்வப்போது புதிதாகத் தெரிந்துகொள்கிறேன்.

நிமிர்ந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். “அம்மா, வண்டி போன வாரம் மேலூர்ப் பாதையில நின்னுபோச்சு. நோயாளி வீட்டுக்கு நடந்துதான் போனேன். கார் விக்கிற ஏஜெண்டு இன்னைக்குச் சாயங்காலம் வாராரு. மாத்திருவோமா? இல்ல, இன்னொரு தடவ பழுது பாப்போமா? நீங்கதான் சொல்லணும்.”

இதே முற்றத்தில் இதே காரைப் பற்றிய இதே கேள்விக்காக நாம் இருவரும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

சீமையில் யுத்தம் தொடங்கியிருந்த ஐப்பசி அது. ஏஜெண்டு வந்து, இனிமேல் கப்பலில் கார் வராது, தன்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, இன்றே சொல்லிவிடுங்கள் என்று நெருக்கினார். நீங்கள் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டீர்கள். அதற்குச் சில நாள் முன்புதான் சிம்மக்கல்லில் ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்காமல், பிள்ளைகளோடு நாம் போன கார் ஒரு ஜட்கா வண்டியை உரசிக்கொண்டு மண்மேட்டில் ஏறி நின்றது. குதிரை மிரண்டு கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

“எம்புட்டு நாளா ஓட்டுற வண்டி. எந்தச் சத்தம் எதுக்குன்னு எனக்குத் தெரியும். புது வண்டில எது எப்ப ஒடியும்னு என்ன கண்டேன்?” என்றீர்கள்.

“ஒங்களுக்குச் சத்தம் தெரியும். பிரேக்கு புடிக்காதப்ப அந்தச் சத்தத்த வச்சு என்ன செய்வீங்க? இனிமே நான் அதுல ஏற மாட்டேன். எம் பிள்ளைகளையும் ஏத்த மாட்டேன்.”

சாப்பிடாமலே மருந்து அறைக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்கு அந்தக் கார் என்னைவிடவும் பிள்ளைகளைவிடவும் பெரிது என்று நான் மனதுக்குள் தீர்மானமே செய்துவிட்டேன்.

மத்தியானம், அழகர்கோவிலுக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு குடியானவர் வாடகை சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். “டாக்டரய்யா, எம் பொண்டாட்டிக்கு நேத்துலருந்து வலி. பிள்ள குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி கைய விரிச்சுட்டாய்யா.” உடன் வர வேண்டிய நர்ஸ் காய்ச்சலில் படுத்திருந்தாள். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் என்னைப் பார்த்து நின்றீர்கள். வா என்று சொல்லவில்லை. காலையில் நான் சொன்னதை மதித்து நின்றீர்கள் என்பது இப்போது புரிகிறது. அப்போது எனக்குக் கோபம்தான். நானே போய்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். அந்தக் குடியானவர் பின்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு இறக்கத்திலும் என் கால் தானாகத் தரையை அழுத்தியது.

ஊருக்கு முந்தின ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. காரை அதில் இறக்கினீர்கள். நட்டநடுவில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நீங்கள் குதித்து, எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலை முன்னால் செருகிச் சுற்றினீர்கள். உறுமியது, அடங்கியது. மறுபடியும் சுற்றினீர்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு நான் தண்ணீரையே பார்த்திருந்தேன். காரின் மிதிபலகை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் என் பாதம் நனைந்தது. தண்ணீர் செம்மண் நிறமாக மாறிவிட்டது.

அதற்குள் கரையேறிவிட்ட குடியானவர் கத்தினார். “அய்யா, மலையில மழ! வெள்ளம் வருது! விட்டுட்டு வாங்கய்யா!”

“இன்னும் ஒரே ஒரு சுத்து” என்றீர்கள். சுற்றினீர்கள். எடுக்கவில்லை. ஹேண்டிலைக் கையில் பிடித்தபடி காரைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் காரை விட மாட்டீர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஹேண்டிலைத் தண்ணீரில் எறிந்தீர்கள். “இந்தா, இறங்கு. கெடக்கட்டும் அது.”

பையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்தீர்கள். மறு கையால் என் மணிக்கட்டை வளையல் நொறுங்கும்படி இறுக்கினீர்கள். தண்ணீர் இடுப்புக்கு ஏறி என் காலைப் பறித்தது. குடியானவர் தம் துண்டை நீட்டி நம்மை இழுத்துப் போட்டார். பின்னால் பெரிய சத்தம் கேட்டுத் திரும்பினேன். வெள்ளம் காரைத் திருப்பி ஒரு பாறையில் சாய்த்துவிட்டது. “போச்சுங்க!” என்றேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. “வீடு எம்புட்டுத் தூரம்?” என்று அவரிடம் கேட்டுக்கொண்டே ஒற்றைச் செருப்போடு நடந்தீர்கள்.

அவர் வீட்டில், வலி பொறுக்காமல் அந்தப் பெண் என் கையைக் கடித்தாள். நீங்கள் ஈர வேட்டியோடு மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே கிடந்த பிள்ளையைத் திருப்பினீர்கள். வெளியே வந்த பெண் குழந்தை நீலமாகக் கிடந்தது. அதன் வாயில் வாய் வைத்து ஊதினீர்கள், ஊதினீர்கள், நான் நம்பிக்கையை விட்ட பிறகும் ஊதினீர்கள். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் ஊரார் மாடு பூட்டிக் காரை இழுத்துக் கரையேற்றினார்கள். உள்ளே முழுக்க மணல். “நீ சொன்னதுதான் சரி. மாத்திருவோம்” என்றீர்கள். ஏஜெண்டிடம் போனோம், அந்த ஒரே காரையும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பழையதையே சிம்மக்கல் பட்டறையில் பிரித்துப் போட்டுச் சரிசெய்தீர்கள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காத நாளில், கரிப்புகையில் எஞ்சினை ஓட்டும் கரியடுப்பைப் பின்னால் மாட்டிக்கூட ஓட்டினீர்கள். ஆனால் தினமும் காலையில் என்னை வாசலில் நிறுத்தி, பிரேக்கை அழுத்திக் காட்டிவிட்டுத்தான் தெருவில் இறங்கினீர்கள். “ஓடுறத நான் பாத்துக்கிறேன், நிக்கிறத நீ பாத்துச் சொல்லு” என்பீர்கள்.

மகன் இன்னும் பதிலுக்கு நின்றிருந்தான். “அப்பா இருந்தா இந்த வண்டிய விட்டுரச் சம்மதிப்பாராம்மா?” என்றான்.

ஓடையில் நடந்ததை அவனுக்கு முழுதாகச் சொன்னேன். அந்தப் பிடி இப்போதும் என் மணிக்கட்டில் இருக்கிறது, அதை மட்டும் சொல்லவில்லை. “விட வேண்டிய எடத்துல விட்டுட்டு வந்த மனுசண்டா ஒங்கப்பா. மாத்திரு” என்றேன்.

சாயங்காலம் ஏஜெண்டின் ஆள் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனான். அன்று ஓடைக்கரையில் உங்களைப் போலத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்று பார்த்தேன்.