அறுபது கிலோமீட்டர் சைக்கிள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டி வலி குறைந்ததா? வீடு வீடாகத் துணி மூட்டை கொடுக்க, சலவைக் கடையில் எனக்குத் தந்திருக்கும் பேட்டரி சைக்கிளில் முதலில் கவனித்தது, சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் விளக்கைத்தான். சமதளத்தில் மூன்று கோடு காட்டும். மேட்டைக் கண்டால் ஒன்றாகிவிடும். ஆட்களைக் கண்டால் நான் சுருங்கிப்போவதைப் போல.

பெடல் சுற்றினால்தான் மோட்டார் தள்ளும். மலிவான வண்டி என்பதால், கால் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும்; அழுத்துகிறதா என்று பார்க்காது. அதனால் மோட்டாரை உச்சமான ஐந்தாம் நம்பரில் வைத்து, சும்மா காலைச் சுற்றி மகாராணி மாதிரி போனேன். நேற்று இருபத்தைந்து கிலோமீட்டரில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே திரும்பினேன்.

"பெட்டியில அறுபதுன்னு போட்டிருக்கே! மீதி முப்பத்தஞ்ச நீ முழுங்கிட்டியா?" என்றார் கடை அக்கா. "இன்னொரு தடவ லேட்டா வந்தா வண்டி வேற ஆளுக்கு. நீ இஸ்திரி ரூமுக்குப் போயிடு."

அந்த அறுபதை ஓட்டியவர் மேடே ஏறாதவர், மூட்டை சுமக்காதவர் என்று சொல்ல நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குச் சார்ஜ் போடப் போனேன்.

இன்று இரண்டாம் நம்பரில் வைத்து நிஜமாகவே மிதித்தேன். நாற்பத்தொன்று வந்தது, அப்பா! கடைசி மூட்டையையும் கொடுத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துவிட்டது, கடைக்கு ஏறும் மேடு மட்டும்தான் பாக்கி. அரை மணி நேரம் சார்ஜ் போட்டால் போதும். ஆனால் அந்த மூட்டையை வாங்கிக்கொண்ட இந்த வீட்டில் கேட்பதைவிட, இவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுவது சுலபமாக இருக்கிறது.

வண்டியில் மணி இல்லை. என் பழைய சைக்கிள் மணியைக் கழற்றி அனுப்புங்கள். அடித்ததும் அம்மா வாசலுக்கு வருவாளே, அந்த மணி.

சரி, கடை மூட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. சார்ஜரைக் கையில் எடுத்து, இந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டேன்.

உங்கள் மகள்